ஒப்பீட்டுக் குழுவில் ஒரு கல்யாணம்

மனித குலத்தின் முன்னேற்றத்துக்காக உயிரைக் கொடுத்தவர்கள் உண்டு. உடைமையைக் கொடுத்தவர்கள் உண்டு. தன்னிடம் ஒன்றும் இல்லாமல் இருப்பதையே ஒரு தொண்டாக ஏற்று, அதை வருஷக் கணக்கில் அப்பழுக்கில்லாமல் செய்துவந்த ஊர் உலகத்தில் ஒன்றே ஒன்றுதான். மேற்குக் கென்யாவில் செம்மண் சாலை ஓரமாக இருக்கும் எபுகோயாதான் அது. அந்த ஊர் மட்டும் இல்லாவிட்டால், டிஜிட்டல் நிதிச் சேவையால் ஏழைக்கு நன்மை உண்டா இல்லையா என்பது உலகத்துக்குத் தெரியாமலே போயிருக்கும். இப்போதும் தெரியாது. ஆனால் தெரியாது என்பது இப்போது ஆதாரபூர்வமாகத் தெரியும்.

விஷயம் இதுதான். எபுகோயாவுக்கும் பக்கத்து ஊரான சிந்தேரேக்கும் நடுவே ஒரு ஓடை. இரண்டு பக்கமும் ஒரே மாதிரி மனிதர்கள், ஒரே மாதிரி சோளக் கொல்லை, ஒரே மலேரியா. டிஜிட்டல் நிதிச் சேவைகளுக்கான உயர் ஆய்வு மையம் அங்கே வந்து இறங்கியது. சீட்டுக் குலுக்கிப் போட்டது. சிந்தேரேக்குப் போன் காசுக் கடை விழுந்தது. அதாவது, நோட்டைக் கொடுத்தால் போனுக்குள் காசு ஏறும், போனைக் காட்டினால் நோட்டு வெளியே வரும், அந்த மாதிரிக் கடை. எபுகோயாவுக்கு ஒன்றும் விழவில்லை.

ஒன்றும் விழாமல் இருப்பது சாமானிய வேலை என்று நினைத்துவிடக் கூடாது. ஒரு ஊரில் ஒன்றும் இல்லாமல் இருந்தால்தானே, இன்னொரு ஊரில் இருப்பதால் என்ன லாபம் என்று அளக்க முடியும்? இப்படி ஒன்றும் இல்லாமல் இருப்பவர்களுக்கு ஆராய்ச்சியில் ‘ஒப்பீட்டுக் குழு’ என்று மரியாதையான பெயர். எபுகோயாவில் கடை போட வந்த இரண்டொரு வியாபாரிகளை அறிவியலின் பெயரால் கையெடுத்துக் கும்பிட்டுத் திருப்பி அனுப்பினார்கள். அவர்களும் அறிவியல் என்றதும் பயந்துபோய்த் திரும்பிவிட்டார்கள்.

இந்தத் தொண்டை அந்த ஊரில் இருந்துகொண்டே கண்காணிக்க ஒருவர் வேண்டுமல்லவா? அவர்தான் மசிந்தே. எபுகோயாவிலேயே பிறந்தவர், வாத்தியார் பயிற்சி முடித்துவிட்டு, வேலை கிடைக்காமல் சாலையோரம் நின்று போகிற வருகிற லாரிகளுக்குக் கையசைத்துக்கொண்டிருந்தவர். மையம் அவரைக் ‘கள ஒருங்கிணைப்பாளர்’ ஆக்கியது. எபுகோயாவிடம் இன்றைக்கு இல்லாதது நாளைக்கும் இல்லாமல் இருக்கிறதா என்று பார்த்துக்கொள்வதுதான் அவர் வேலை. அதை அவர் கண்ணும் கருத்துமாகப் பார்த்துவந்தார். சட்டைப் பையில் இரண்டு பேனா வைத்துக்கொள்ளும் அளவுக்குப் பொறுப்பு கூடியிருந்தது.

ஆராய்ச்சியும் துணிமணி மாதிரிதான். போன வருஷத்து மாதிரியைப் போட்டுக்கொண்டு இந்த வருஷம் மேடை ஏறினால் சிரிப்பார்கள். முதலில் வந்த மாதிரிக்கு ‘அணுகல்’ என்று பெயர். உங்கள் ஊரில் போன் காசுக் கடை உண்டா என்று வீடு வீடாகக் கேட்டார்கள். இல்லை என்றார்கள் எபுகோயாக்காரர்கள். அடுத்து ‘பயன்பாடு’ வந்தது. இல்லாத கடையை எத்தனை முறை பயன்படுத்துகிறீர்கள் என்று கேட்டார்கள். அதற்கப்புறம் ‘மீள்திறன்’. கூரை சரிந்து விழுந்தால், கடை இல்லாத நிலையில் என்ன செய்வீர்கள்? பிறகு ‘பெண் அதிகாரம்’. கூரை சரிந்து விழுந்தால், என்ன செய்வது என்று வீட்டில் யார் முடிவு செய்வார்கள்? ஒவ்வொரு சுற்றுக்கும் வீட்டுக்கு ஒரு சோப்புக் கட்டி நன்றியாகக் கொடுத்தார்கள். ஊரில் வேறு எது இல்லாவிட்டாலும் சுத்தத்துக்குக் குறைவில்லை.

இப்படி எல்லாம் ஒழுங்காக, ஒன்றுமில்லாமல் போய்க்கொண்டிருந்தபோதுதான் மசிந்தேயின் தங்கை நாலியாகா காதலித்துத் தொலைத்தாள்.

நாலியாகா சாலை வளைவில் சாப்பாட்டுக் கடை வைத்திருந்தாள். அப்பா அம்மா போன பிறகு தானே கல் அடுக்கி, தகரம் வேய்ந்து, அடுப்பு மூட்டியது. அவள் கடைச் சப்பாத்திக்கும் பயற்றுக் குழம்புக்கும் லாரிக்காரர்கள் வண்டியை நிறுத்துவார்கள். சாப்பிட்டுவிட்டு போனில் காசு அனுப்பிவிட்டுப் போவார்கள். ஆனால் மாவு மில்காரனுக்கு நோட்டுதான் வேண்டும். போனுக்குள் இருப்பதை நோட்டாக்க எபுகோயாவில் கடை ஏது? அவள் அடுப்பை அணைத்து, கடையைச் சாத்தி, ஓடையைத் தாண்டி சிந்தேரேக்குப் போவாள். மழைக்காலத்தில் ஓடைக் கற்கள் முழுகிவிடும். பாவாடையைத் தூக்கிச் செருகிக்கொண்டு, போனைத் தலைத்துணிக்குள் முடிந்துகொண்டு இறங்குவாள்.

அந்தப் பக்கம் போன் காசுக் கடையில் இருந்தவன் கைம்பா. காசு எடுக்க வருபவர்களிடம் அடையாள அட்டை கேட்க வேண்டும் என்பது விதி. கைம்பா விதி தவறாதவன். அவள் அட்டை எண் மனப்பாடமான பிறகும் கேட்டான். அட்டையில் இருந்த போட்டோவை விதி எதிர்பார்ப்பதைவிடக் கொஞ்சம் கூடுதலாகப் பார்த்தான்.

“போட்டோல சிரிக்கவே இல்லையே, ஏன்?” என்றான் ஒரு நாள்.

“அட்டைக்கு எதுக்குச் சிரிப்பு? கவர்மென்ட்டு என்ன மாமன் மகனா?”

“இனிமே இங்க வர்றப்போ சிரிக்கலாமே. நான் கவர்மென்ட்டு இல்லையே.”

அவள் சிரித்தாள். அந்தச் சிரிப்பு எந்த ஆய்விலும் பதிவாகவில்லை. இரண்டு மழைக்காலம் ஓடையில் இறங்கி ஏறிய பிறகு, கல்யாணம் செய்துகொள்வது என்று இருவரும் முடிவு செய்தார்கள். அறுவடை முடிந்ததும் அவன் வீட்டுப் பெரியவர்கள் பெண் கேட்க வருவார்கள். கல்யாணமானதும் சிந்தேரே கடையைத் தம்பியிடம் விட்டுவிட்டு, நாலியாகாவின் சாப்பாட்டுக் கடை மூலையில் மேசை போட்டு அங்கேயே போன் காசு வியாபாரம் செய்வது என்று கைம்பா திட்டம் போட்டான். அவள் அதற்கு மூலையைக்கூட மெழுகி வைத்துவிட்டாள்.

அண்ணனிடம் சொன்னாள். அண்ணனுக்கு வாயெல்லாம் பல். அடுத்த நிமிஷமே ஒருங்கிணைப்பாளர் பையிலிருந்து இரண்டு பேனாவையும் வெளியே எடுத்துவிட்டார். இரண்டு பேரும் ஒரே ஆளாக இருப்பதில் உள்ள சங்கடத்தை மசிந்தே அன்றைக்குத்தான் முதன்முதலாக உணர்ந்தார்.

மையத்தின் அலுவலகத்தில் அவசரக் கூட்டம் கூடியது. தலைமை, இயக்குநர் டாக்டர் முத்தெயு. நைரோபியிலிருந்து வந்தவர், வெளிநாட்டில் பட்டம் வாங்கியவர், எபுகோயாமீது உயிரையே வைத்திருப்பவர். அந்த ஊரைப் பற்றி ஒன்பது கட்டுரை எழுதியிருக்கிறார், வேறு எப்படி இருப்பார்? சுவர்த் திரையில் நன்கொடையாளர் சார்பாக யோஸ்ட் உட்கார்ந்திருந்தார். அவர் கடல் கடந்து யூட்ரெக்ட் நகரத்தில் இருந்தார். இணையம் எங்கோ நடுவழியில் இருந்தது.

“காதல்னா, எப்படிப்பட்ட காதல்?” என்று ஆரம்பித்தார் டாக்டர்.

“நல்ல காதல்தான் மேடம்” என்றார் மசிந்தே.

“அது இல்ல. போன் காசுக் கடை இல்லேன்னா அவங்க ரெண்டு பேரும் பார்த்திருப்பாங்களா?”

“சான்ஸே இல்ல மேடம். அவ ஓடையத் தாண்டினதே அதுக்குத்தான்.”

டாக்டரின் முகம் மலர்ந்தது. “அப்ப இது நம்ம திட்டத்தோட விளைவு! போன் காசுக் கடையால காதல்! யாருமே எழுதலையே இத!” பிறகு முகம் வாடியது. “ஆனா விளைவு விழ வேண்டிய பக்கத்துல விழாம ஒப்பீட்டுக் குழுவுல போய் விழுந்திருக்கே. அங்க ஒரு மேசையும் போட்டாங்கன்னா எபுகோயாவும் சிந்தேரேயும் ஒண்ணாயிடும். இதுக்குப் பேர் மாசுபாடு.”

மசிந்தேக்குச் சுருக்கென்றது. “என் தங்கச்சியவா மாசுன்னு சொல்றீங்க?”

“சேச்சே, உங்க தங்கச்சிய இல்ல மசிந்தே. உங்க தங்கச்சியோட சந்தோஷத்த.”

மசிந்தே சமாதானமானார். திரையில் யோஸ்ட் உயிர் பெற்று, “கல்யாணம் பண்ணிக்கிட்டு, ஒருத்தரையொருத்தர் பார்க்காம இருக்க ஏற்பாடு பண்ண முடியாதா?” என்று கேட்டார்.

“முடியும். ஆனா பொதுவா அதுக்குக் கொஞ்சம் வருஷம் ஆகும்” என்றார் டாக்டர்.

“கைம்பாவுக்கு வேற ஊருல வேலை கொடுக்கலாமே?” என்றார் யோஸ்ட்.

“அங்கயும் ஒரு ஒப்பீட்டுக் குழு இருக்கு.”

விவாதம் நீண்டது. தேநீர் வந்தது. கடைசியில் கல்யாணத்தை நிறைவுக் கணக்கெடுப்பு முடியும்வரை தள்ளிவைக்கும்படி பயனாளியைக் ‘கனிவுடன் வேண்டிக்கொள்வது’ என்று தீர்மானம் போட்டார்கள். யோஸ்ட் வாயைத் திறந்தபடி உறைந்து நின்றார். அதை ஆமோதிப்பு என்று குறித்துக்கொண்டார்கள். கனிவுடன் வேண்டுவதற்குத் தகுந்த ஆள் அண்ணன்தான் என்பதில் யாருக்கும் சந்தேகம் இல்லை. மசிந்தேயின் பதவிக்கு முன்னால் ‘மூத்த’ என்று ஒரு சொல் சேர்ந்தது. ஒரு மோட்டார் சைக்கிளும் சேர்ந்தது.

அந்த மோட்டார் சைக்கிளிலேயே தங்கையின் கடைக்குப் போனார். நாலியாகா சப்பாத்தி மாவு பிசைந்துகொண்டிருந்தாள்.

“புது வண்டியா அண்ணே?”

“ஆமா. தங்கச்சி, உன் கல்யாணத்தக் கொஞ்சம் தள்ளி வைக்கணும்.”

“எதுக்கு?”

“அறிவியலுக்கு.”

அவள் மாவுக் கையோடு நிமிர்ந்தாள். “அறிவியலுக்கும் என் கல்யாணத்துக்கும் என்ன சம்பந்தம்? அது சொந்தக்காரனா?”

மசிந்தே விளக்கினார். ஒப்பீட்டுக் குழு என்றால் என்ன, மாசுபாடு என்றால் என்ன, உலகம் முழுக்க எத்தனை ஏழைகள் இந்த முடிவுக்காகக் காத்துக்கொண்டிருக்கிறார்கள் என்றெல்லாம் சொன்னார். அவள் பொறுமையாகக் கேட்டாள்.

“எனக்கு ஒண்ணு புரியல அண்ணே. என்கிட்ட ஒண்ணுமில்லாம இருக்கணும்னு அவங்க சம்பளம் வாங்குறாங்களா?”

“அப்படிச் சொல்லாத. அவங்க உனக்காகத்தான் உழைக்கிறாங்க.”

“எனக்காக உழைக்கிறவங்க ஒரு மேசை போட விட மாட்டாங்களாக்கும்?”

“கணக்கெடுப்பு முடியட்டும். அதுக்கப்புறம் நாலு மேசை போடு. யாரும் கேட்க மாட்டாங்க.” அவர் குரல் தணிந்தது. “என் வேலையும் இதுல இருக்கு நாலியாகா. நான் லாரிக்குக் கையாட்டிக்கிட்டு நின்னத நீ பார்த்தவதானே?”

அவள் பார்த்தவள்தான். அந்த நாட்களில் அவருக்குச் சாப்பாடு போட்டதும் அவள்தான். மாவை உருண்டை பிடித்து வைத்தாள். பிறகு, “ஒரு அறுவடைதானே? சரி” என்றாள். தானாக முன்வந்து, யாருடைய வற்புறுத்தலும் இன்றி, எப்போது வேண்டுமானாலும் விலகிக்கொள்ளும் உரிமையோடு இதற்குச் சம்மதிப்பதாக ஒரு தாளில் கையெழுத்து வாங்கிக்கொண்டார் மசிந்தே. சோப்பும் கொடுத்தார்.

அறுவடை வந்தது. கணக்கெடுப்புக்கு எல்லாம் தயாராக இருந்தது. அந்த நேரம் பார்த்து பருவம் மாறியது. எபுகோயாவில் இல்லை, யூட்ரெக்டில். ‘பெண் அதிகாரம்’ பழசாகி, ‘நுகர்வோர் பாதுகாப்பு’ வந்துவிட்டது. கடையே இல்லாதவர்களைக் கடைக்காரர்கள் எப்படியெல்லாம் ஏமாற்றுகிறார்கள் என்று கண்டறிய நிறைவுக் கணக்கெடுப்பை அடுத்த அறுவடைக்குத் தள்ளினார்கள். மசிந்தே ‘முதுநிலை மூத்த’ ஒருங்கிணைப்பாளர் ஆனார். நாலியாகா இன்னொரு தாளில் தானாக முன்வந்தாள். மூலையில் மெழுகிய இடத்தில் கோழி முட்டையிட ஆரம்பித்தது.

அடுத்த அறுவடைக்கு ‘செயற்கை நுண்ணறிவு’ வந்து சேர்ந்தது, கணக்கெடுப்பு மறுபடியும் தள்ளிப்போனது. நாலியாகாவைப் போன்ற ஒரு பெண் கடன் வாங்கினால் திருப்பிக் கட்டுவாளா என்று இயந்திரமே சொல்லிவிடுமாம். நாலியாகா யாரிடமும் கடன் கேட்கவில்லை என்பது ஆய்வுக்கு ஒரு தடையாகக் கருதப்படவில்லை.

இந்தத் தடவை அவள் அண்ணனுடன் சண்டை போடவில்லை. அவர் நீட்டிய தாளை வாங்கி, அடுப்புப் பக்கம் வைத்துவிட்டுச் சாப்பாடு போட்டாள். அதுதான் மசிந்தேயை உறுத்தியது. திட்டினால் பதில் சொல்லலாம், பேசாமல் குழம்பு ஊற்றுகிறவளிடம் என்ன சொல்வது?

மறுநாள் கைம்பா சாலையிலேயே அவரை மடக்கினான்.

“மச்சான், நானும் எத்தனை காலம்தான் அட்டையவே பார்த்துக்கிட்டு இருக்கிறது?”

“இன்னும் ஒரே ஒரு சுற்றுதான் கைம்பா.”

“இதையேதான் போன தடவையும் சொன்னீங்க. எங்க பெரியப்பா பொறுத்துப் பொறுத்துப் பார்த்துட்டார். சிந்தேரேலயே ஒரு பொண்ணு பார்த்து வச்சிருக்கார். சனிக்கிழமை உங்க வீட்டுக்கு வருவோம். பொண்ணு தர்றீங்களா இல்லையான்னு ஒரே பேச்சு. இல்லேன்னா அங்கிருந்து நேரா அந்தப் பொண்ணு வீட்டுக்குத்தான் போவாராம்.” அவன் கண் கலங்கியிருந்தது. “எனக்கு நாலியாகாதான் வேணும் மச்சான். ஆனா பெரியப்பாவ மீறி எங்க குடும்பத்துல யாரும் மாடு ஓட்ட மாட்டாங்க.”

பெண் வீட்டுக்குச் சீராக மாடு ஓட்டி வராமல் அந்தப் பக்கத்தில் கல்யாணம் இல்லை. மசிந்தே அலுவலகத்துக்கு ஓடினார். டாக்டர் முத்தெயு சிறிது யோசித்துவிட்டு, தானே நேரில் வந்து, பெரியவர்களிடம் பேசி, இன்னும் ஒரே ஒரு பருவம் வாங்கித் தருவதாகச் சொன்னார். வெளியாட்களாக இல்லாமல் சமூகத்தோடு கலந்து பழகுவது மையத்தின் கொள்கைகளில் ஒன்று.

சனிக்கிழமை வந்தது. கைம்பாவின் பெரியப்பா நமசாகா அந்த வெயிலிலும் கோட்டுப் போட்டுக்கொண்டு, கைத்தடியோடு, உறவு முறைகள் புடைசூழ ஓடையைத் தாண்டி வந்தார். டாக்டர் மையத்தின் வெள்ளை வண்டியில் வந்து இறங்கினார். கையில் போனைப் பிடித்திருந்தார். அதற்குள் யோஸ்ட் இருந்தார். உள்ளூர் வழக்கங்களை நேரடியாகப் பார்க்க அவருக்கு ரொம்ப ஆசை.

பேச்சுக்கு முன்னால் சாப்பாடு. சோள மாவில் கிண்டிய உகாலிக் கட்டியும் கோழிக் குழம்பும். அந்தப் பக்கத்தில் விருந்துக்குக் கோழி அடித்தால் அதன் இரைப்பைத் துண்டு யார் தட்டில் விழுகிறது என்பதைச் சபை முழுவதும் கவனிக்கும். அது வீட்டுக்குப் பெரியவருக்கு உரியது. அதைச் சாப்பிடுபவர்தான் அந்த வீட்டில் கடைசிச் சொல் சொல்பவர். அப்பா இல்லாத வீட்டில் அது மூத்த மகனுக்கு. மசிந்தே சட்டைக் காலரை இழுத்துவிட்டுக்கொண்டு, முதுகை நிமிர்த்தி உட்கார்ந்தார்.

நாலியாகா சட்டியோடு வந்தாள். கரண்டியில் அந்தத் துண்டைத் தனியாக எடுத்தாள். அண்ணனுக்கு நேரே வந்தாள். அண்ணனைத் தாண்டினாள். டாக்டர் முத்தெயுவின் தட்டில் வைத்தாள்.

நமசாகாவின் கை வாய்க்குப் போகிற வழியிலேயே நின்றுவிட்டது.

“அடேயப்பா!” என்றார் டாக்டர், போனைத் தட்டுக்கு நேரே காட்டி. “யோஸ்ட், பாருங்க! இத இங்க பொம்பளைங்களுக்குக் கொடுக்கவே மாட்டாங்க. எவ்வளவு பெரிய மாற்றம்! பெண் அதிகாரத்துக்கு இதவிட ஆதாரம் வேணுமா?”

வாயில் போட்டுக்கொண்டார். மெல்லக் கொஞ்சம் நேரம் பிடித்தது. எல்லாரும் காத்திருந்தார்கள். விழுங்கியதும் நமசாகா தொண்டையைக் கனைத்தார்.

“அப்ப இந்த வீட்டுக்குப் பெரியவங்க நீங்கதான். அது தெரியாம இந்தப் பையன்கிட்ட இத்தனை காலம் பேசிக்கிட்டு இருந்துட்டோம். சொல்லுங்கம்மா. எங்க பையனுக்குப் பொண்ணு தர்றீங்களா, மறுக்கிறீங்களா?”

டாக்டர் திடுக்கிட்டார். “ஐயோ, நான் எப்படிங்க? நாங்க ஆய்வாளருங்க. மக்களோட சொந்த முடிவுல நாங்க தலையிடவே மாட்டோம். அதுதான் எங்க முதல் விதி.”

“கரெக்ட்!” என்றது போன். அன்றைக்குப் பார்த்து இணையம் சுத்தமாக இருந்தது.

“அப்ப எங்கிட்ட கல்யாணத்தத் தள்ளி வைக்கச் சொன்னது யாரு?” என்றாள் நாலியாகா. சட்டியை அவள் இன்னும் இறக்கவில்லை.

“அது முடிவு இல்லம்மா. அது ஒரு வேண்டுகோள்.”

“வேண்டுகோள்னா முடியாதுன்னு சொல்லலாமா?”

டாக்டர் போனைப் பார்த்தார். யோஸ்ட் கண்ணிமைக்காமல் பார்த்துக்கொண்டிருந்தார். “தாராளமா சொல்லலாம். எப்ப வேணும்னாலும் விலகிக்கலாம். அது உன் உரிமை.”

“அப்ப இப்ப சொல்றேன். முடியாது. இந்த மாசம் கல்யாணம்.”

நமசாகா கைத்தடியால் தரையைத் தட்டினார். “கேட்டீங்கல்ல? துண்டச் சாப்பிட்டவங்க மறுக்கல. மறுக்கிற உரிமை இல்லேன்னு அவங்க வாயாலயே சொல்லிட்டாங்க. மாட்டப் பத்திப் பேசுவோம்.”

பெண்கள் குலவை போட்டார்கள். டாக்டர் வாய் திறந்தார். ஆனால் மறுத்தால் முதல் விதி போகும், மறுக்காவிட்டால் ஒப்பீட்டுக் குழு போகும். திறந்த வாயில் யாரோ இன்னொரு கோழித் துண்டைப் பிரியமாக ஊட்டிவிட்டார்கள்.

மசிந்தே தன் தட்டைப் பார்த்துக்கொண்டிருந்தார். கழுத்தும் இறக்கையும்தான் அவருக்கு வந்திருந்தன. வெட்கமாக இருந்தது. அவள் தன்னை அவமானப்படுத்திவிட்டாள் என்று கோபப்பட முயன்றார், முடியவில்லை. கடைசிச் சொல் யாருடையதோ அவர் தட்டில்தான் அவள் வைத்தாள் என்று அவருக்கே தெரிந்தது. எழுந்துபோய் அவளிடமிருந்து சட்டியை வாங்கி இறக்கிவைத்தார்.

“கோபமா அண்ணே?” என்றாள் தணிந்த குரலில்.

“இல்ல. குழம்புல உப்பு சரியா இருக்கு” என்றார்.

கல்யாணம் அந்த மாதமே நடந்தது. சாப்பாட்டுக் கடை மூலையிலிருந்து கோழியை விரட்டிவிட்டு மேசை போட்டார்கள். மசிந்தேதான் மேசையின் ஒரு காலைப் பிடித்துத் தூக்கினார். லாரிக்காரர்கள் காசு போட்டார்கள், ஊர்க்காரர்கள் காசு எடுத்தார்கள், ஓடையில் யாரும் இறங்கவில்லை.

மையமும் சளைக்கவில்லை. ஓடையை நகர்த்த முடியாது என்பதால் வரைபடத்தில் எல்லைக் கோட்டை நகர்த்தி, அந்தக் கடையை மட்டும் சிந்தேரேயில் சேர்த்தது. எபுகோயாவில் மறுபடியும் ஒன்றும் இல்லாமல் போயிற்று. மாசு அகன்றது. நாலியாகாவின் பெயரை மட்டும் மாற்ற முடியவில்லை. ஒரு முறை எந்தப் பட்டியலில் விழுந்ததோ அதில்தான் கடைசிவரை இருக்க வேண்டும் என்பது ஆராய்ச்சியின் தர்மம்.

ஆகவே நிறைவுக் கணக்கெடுப்பு ஒருவழியாக வந்தபோது, மசிந்தே கையில் கேள்விகள் ஏற்றிய கருவியோடு தங்கையின் எதிரில் உட்கார வேண்டியிருந்தது.

“உங்கள் கல்யாணத்தைப் பற்றி முடிவு செய்தவர் யார்? நீங்களே, பெற்றோர், சகோதரர், கணவர், வெளியாள். இதுல ஒண்ணு சொல்லு.”

“தள்ளிப் போட்டதக் கேக்குறீங்களா, நடந்ததக் கேக்குறீங்களா?”

“ரெண்டுக்கும் சேர்த்து ஒரே பதில்தான் போட முடியும்.”

“அப்பச் சரி. ரெண்டும் ஒரே ஆளுதானே. டாக்டர்னு போடுங்க.”

‘சகோதரர்’ என்று அழுத்தினால் யாருக்கும் வம்பில்லை. அவர் ‘வெளியாள்’ என்று அழுத்தினார். அடுத்த வீட்டுக்குப் போனார். உங்கள் ஊரில் போன் காசுக் கடை வேண்டுமா வேண்டாமா என்று முடிவு செய்பவர் யார் என்று கேட்டார். அங்கேயும் வெளியாள். அதற்கடுத்த வீட்டிலும் வெளியாள். ஊர் முழுக்க ஒரே பதில். வாழ்க்கையில் முதன்முறையாகத் தன் வேலையைச் சரியாகச் செய்ததாக மசிந்தேக்குத் தோன்றியது.

இப்படித்தான் அந்தப் புகழ்பெற்ற கட்டுரை பிறந்தது. யூட்ரெக்டில் மாபெரும் மாநாடு. டாக்டர் முத்தெயு மேடையேறினார். இத்தனை வருஷ ஆய்வின் முடிவை நாத்தழுதழுக்க வெளியிட்டார். போன் காசுக் கடை இல்லாத எபுகோயாவில், பெண்களின் வாழ்க்கையை இன்றைக்கும் யாரோ வெளியாட்கள்தான் முடிவு செய்கிறார்கள். அவர்கள் எப்போது கல்யாணம் செய்துகொள்ளலாம், ஊரில் எந்தக் கடை வரலாம், எது வரக் கூடாது என்பதைக்கூட அந்த வெளியாட்களே தீர்மானிக்கிறார்கள். விருந்தில் நல்ல துண்டும் அவர்களுக்குத்தான் போகிறது. ஓடைக்கு அந்தப் பக்கம், கடை உள்ள சிந்தேரேயில், இந்தக் கொடுமை அறவே இல்லை. மண்டபம் எழுந்து நின்று கை தட்டியது. விருதும் கிடைத்தது.

யோஸ்ட் கண்ணைத் துடைத்துக்கொண்டு எழுந்தார். “கேக்கவே நெஞ்சு கொதிக்குது. யாரு அந்த வெளியாளுங்க?”

“தெரியல. இதப் பத்தி இதுவரைக்கும் யாருமே ஆய்வு செய்யல” என்றார் டாக்டர்.

அங்கேயே நிதி ஒதுக்கப்பட்டது. அந்த வெளியாட்களைக் கண்டுபிடிக்க டாக்டர் முத்தெயுவின் தலைமையில் ஒரு குழு எபுகோயாவுக்குப் புறப்பட்டுவிட்டது. கண்டுபிடிக்கும்வரை அந்த ஊரில் யாரும் எதையும் மாற்றக் கூடாது என்று உத்தரவு.